முகப்பு விளக்கு பல்பை நாமே மாற்றலாம்

மும்பையில் மழை தொடங்குமுன் காரின் முகப்பு விளக்குகளைச் சோதிப்பது நல்லது. நம்மிடமுள்ள கார்கள் பலவற்றில் இருப்பது 12 வோல்ட், 60/55 வாட் எச்-4 ஹாலஜன் பல்ப்.

விளக்கை அணைத்து, சூடு ஆறும்வரை பொறுங்கள். கை நுழையாதபடி பாட்டரி மறைத்தால் அதைக் கழற்றலாம். கழற்றும்போது நெகடிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். பின்புறக் கனெக்டரை நேராக இழுத்து, ரப்பர் மூடியை எடுங்கள். ஸ்பிரிங் கிளிப் கண்ணுக்குத் தெரியாவிட்டால் செல்போனில் படம் எடுத்துப் பார்த்து, பிறகு விடுவியுங்கள்.

புதிய பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகம் சூடேறி பல்ப் சீக்கிரம் போய்விடும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டால் துடைக்கவும்.

பல்பின் வளையத்தில் மூன்று காதுகள் உண்டு. அகலமானது மேலே வரவேண்டும். மூன்றும் பள்ளத்தில் அமர்ந்த பிறகே கிளிப்பை மாட்டுங்கள். கோணலாக இருந்தால் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்யும். ரப்பர் மூடி இறுகாவிட்டால் மழைநீர் புகும்.

100 வாட் பல்ப் வேண்டவே வேண்டாம். 60 வாட்டுக்கு 5 ஆம்பியர். 100 வாட்டுக்கு எட்டுக்கும் மேல். கனெக்டர் உருகிவிடும்.

முடிவில் சுவருக்கு எதிரே காரை நிறுத்தி, இரு விளக்கின் ஒளியும் ஒரே உயரத்தில் விழுகிறதா என்று பாருங்கள்.