லினக்ஸ் சர்வரில் நெட்வொர்க் நினைவகம்: பயனுள்ள குறிப்புகள்

வீட்டிலோ சிறிய அலுவலகத்திலோ லினக்ஸ் சர்வர் நடத்துபவர்கள், இணையத்தில் கிடைத்த பெரிய எண்களை அப்படியே ஒட்டிவிட்டு அவதிப்படுவதைப் பார்க்கிறேன். கெர்னல் நெட்வொர்க்குக்கு எடுத்துக்கொள்ளும் நினைவகத்தை ஸ்வாப்புக்குத் தள்ள முடியாது. அதனால் இங்கே தாராளம் ஆபத்து.

1. முதலில் அளந்து பாருங்கள். /ப்ராக்/நெட்/சாக்ஸ்டாட் கோப்பில் டிசிபி வரியின் கடைசியில் 'மெம்' என்று ஓர் எண் இருக்கும். எல்லா டிசிபி இணைப்புகளும் சேர்ந்து இப்போது பிடித்திருக்கும் நினைவகம் அதுதான்.

2. மொத்த வரம்பு 'டிசிபி_மெம்' அமைப்பில் மூன்று எண்களாக இருக்கும். முதல் எண்ணுக்குக் கீழே கெர்னல் கவலைப்படாது. இரண்டாவதைத் தாண்டினால் பஃபர்களைச் சுருக்கத் தொடங்கும். மூன்றாவதுதான் உச்சவரம்பு. ரேமைப் பார்த்து, கணினி எழும்போதே கெர்னல் இவற்றைக் கணக்கிட்டுக்கொள்கிறது. பெரும்பாலோர் இதைத் தொடவே வேண்டாம்.

3. தொடுவதானால் அலகைக் கவனியுங்கள். அதிகம் பேர் தவறுவது இங்கேதான். 'டிசிபி_மெம்' பக்கக் கணக்கு. இன்டெல், ஏஎம்டி கணினிகளில் ஒரு பக்கம் 4,096 பைட். ஒவ்வோர் இணைப்பின் பெறும், அனுப்பும் பஃபர்களுக்கான 'டிசிபி_ஆர்மெம்', 'டிசிபி_டபிள்யூமெம்' இரண்டும் பைட் கணக்கு. 16 எம்பி என்று நினைத்து 1,67,77,216 என்ற எண்ணை 'டிசிபி_மெம்'மில் போட்டால் அது 64 ஜிபி ஆகிவிடும். 4 ஜிபி ரேம் உள்ள கணினியில் அப்படிச் செய்தால், வரம்பே இல்லாத மாதிரிதான்.

4. கெர்னல் பதிவில் டிசிபிக்கு நினைவகம் போதவில்லை என்ற செய்தி வந்தால் உடனே வரம்பை உயர்த்தாதீர்கள். 'எஸ்எஸ் -டிஎம்' கட்டளையில் எந்த இணைப்பின் பெறும் வரிசை குவிந்து கிடக்கிறது என்று பாருங்கள். வந்த தரவைப் படிக்காமல் ஒரு நிரல் நின்றுபோயிருந்தால், வரம்பை உயர்த்துவது அந்தக் குவியலைத்தான் வளர்க்கும்.

5. தூரத்து சர்வருடன் வேகம் குறைகிறதா? வேகத்தைப் போய்வரும் நேரத்தால் பெருக்குங்கள். நொடிக்கு 100 மெகாபிட், 200 மில்லிவிநாடி என்றால் 2.5 எம்பி தரவு எப்போதும் வழியில் இருக்கும். 'டிசிபி_ஆர்மெம்'மின் மூன்றாவது எண் பொதுவாகச் சுமார் 6 எம்பி; அதில் ஒரு பகுதி நிர்வாகத்துக்குப் போனாலும் இதற்குத் தாங்கும். அதே தூரத்தில் 1 கிகாபிட் என்றால் 25 எம்பி தேவை. அப்போது உயர்த்துவதில் நியாயம் உண்டு.

6. நிரலே பஃபர் அளவைக் கேட்டு வாங்கினால், கெர்னலின் தானியங்கிச் சரிசெய்தல் அந்த இணைப்புக்கு நின்றுவிடும். கூடவே 'ஆர்மெம்_மேக்ஸ்' வரம்பும் குறுக்கே வரும். டிசிபி நிரலில் பஃபர் அளவைக் கேட்கும் வரியை நீக்கிவிட்டாலே பல சமயம் வேகம் கூடும்.

7. யூடிபிக்குத் தானியங்கிச் சரிசெய்தல் கிடையாது. கேமரா ஒளிபரப்பில் படம் உடைந்தால் 'நெட்ஸ்டாட் -எஸ்யூ' போட்டு, பெறும் பஃபர் பிழைகள் கூடுகின்றனவா என்று பாருங்கள். கூடினால் 'ஆர்மெம்_மேக்ஸ்'ஸை உயர்த்துவதோடு, நிரலும் பெரிய பஃபரைக் கேட்க வேண்டும்.

8. சிஸ்கன்ட்ரோல் கட்டளையில் நேரடியாகக் கொடுத்த மாற்றம் ரீபூட்டில் போய்விடும். /இடிசி/சிஸ்கன்ட்ரோல்.டி அடைவில் தனிக் கோப்பாக எழுதி, பழைய எண்ணையும் தேதியையும் குறிப்பாக மேலே வையுங்கள். ஒரு தடவைக்கு ஓர் எண்ணை மட்டும் மாற்றுங்கள்.