மெம்பர் கார்டு இல்லாமல் கோல்ஃப்: ஓல்டு கோர்ஸ் சொல்லித்தரும் பாடம்

கோல்ஃப் என்றதும் நம்மில் பலருக்கு மனதில் வரும் படம் ஒன்றுதான். பெரிய கேட், கேட்டில் செக்யூரிட்டி, உள்ளே போக மெம்பர் கார்டு. "இதெல்லாம் நமக்கு எங்கப்பா" என்று சேனலை மாற்றிவிடுவோம். ஆனால் உலகிலேயே அதிகம் பேசப்படும் கோல்ஃப் மைதானம் எந்த கிளப்புக்கும் சொந்தமில்லை. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் இருக்கும் ஓல்டு கோர்ஸ் ஊருக்குச் சொந்தமான பொது நிலம். வெளியூர்க்காரர் யாருக்கும் அங்கே ஆட வழி இருக்கிறது. அது எப்படி என்று பார்ப்போம்.

நிலம் யாருடையது?

கடலுக்கும் வயலுக்கும் நடுவில் கிடக்கும் மணல் புல்வெளியை ஸ்காட்லாந்தில் 'லிங்க்ஸ்' என்பார்கள். உழவுக்கு உதவாது. ஆடு மாடு மேயும், முயல் வளை தோண்டும், ஊர் ஜனம் பந்து அடிக்கும். நம்ம ஊர் மந்தைவெளி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

1552-ல் ஆர்ச்பிஷப் ஜான் ஹாமில்டன் ஒரு சாசனம் கொடுத்தார். அங்கே முயல் வளர்க்கும் உரிமை அவருக்கு, விளையாடும் உரிமை ஊராருக்கு. ஆனால் 1797-ல் கடனில் மூழ்கிய நகர நிர்வாகம் அந்த நிலத்தை விற்றுவிட்டது. வாங்கியவர்கள் முயல் பண்ணை போட்டார்கள். மைதானம் முழுக்கக் குழி. முயல்காரர்களுக்கும் கோல்ஃப் ஆடுபவர்களுக்கும் அடிதடி, கோர்ட், கேஸ் என்று இருபது வருஷத்துக்கு மேல் இழுத்தது. 1821-ல் ஜேம்ஸ் சீப் என்ற நிலக்கிழார் அதை வாங்கி, கோல்ஃபுக்கு விட்டார். 1894-ல் நாடாளுமன்றச் சட்டம் மூலம் நகரமே நிலத்தைத் திரும்ப வாங்கியது. 1974-ல் இன்னொரு சட்டத்தின்படி லிங்க்ஸ் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை உருவானது. இன்றைக்கும் மைதானத்தை நடத்துவது அதுதான்.

முதல் குழிக்குப் பின்னால் கம்பீரமாக நிற்கும் கட்டடம் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப்புடையது. 1754-ல் தொடங்கிய கிளப். டிவியில் பார்ப்பவர்கள் மைதானமே அவர்களுடையது என்று நினைப்பார்கள். இல்லை. அவர்களுக்கும் அங்கே ஒதுக்கப்பட்ட நேரம்தான்.

இடம் கம்மி, ஆள் அதிகம்

இங்கேதான் நமக்குப் பிடித்த கணக்கு வருகிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு குழு, குழுவுக்கு நான்கு பேர், ஒரு நாளில் பத்து மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் 240 பேர்தான் ஆட முடியும். ஆட ஆசைப்படுபவர்களோ உலகம் முழுக்க இருக்கிறார்கள். அப்போ யாரை உள்ளே விடுவது?

மூன்று வழி உண்டு. ஒன்று, காசு: விலையை ஏற்றினால் கூட்டம் தானாகக் குறையும். இரண்டு, க்யூ. நியூயார்க்கில் பெத்பேஜ் பிளாக் என்று அரசுப் பூங்காவுக்குள் ஒரு மைதானம் இருக்கிறது. 2002-ல் யு.எஸ். ஓப்பன் நடந்த இடம். அங்கே முந்தின ராத்திரியே வந்து, கார் பார்க்கிங்கில் வண்டிக்குள் தூங்கி, விடிந்ததும் இடம் பிடிப்பவர்கள் உண்டு. மூன்று, குலுக்கல்.

ஓல்டு கோர்ஸில் சில நேரங்களை முன்கூட்டியே பதிவு செய்யலாம். மற்றபடி வெளியூர்க்காரருக்கான முக்கிய வழி 'பேலட்' எனும் குலுக்கல். இரண்டு முதல் நான்கு பேர் சேர்ந்து, ஆட நினைக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு பெயர் கொடுக்க வேண்டும். தனியாளாகப் போகிறவர்கள் முன்பெல்லாம் குளிரில் ராத்திரி முழுக்க வெளியே க்யூவில் நிற்பார்கள். 2024 முதல் அவர்களுக்கும் தனிக் குலுக்கல் வந்துவிட்டது. முந்தைய நாள் நேரில் போய்ப் பெயர் கொடுத்தால் போதும்.

ஆனால் 'பொது' என்றால் 'மலிவு' என்று அர்த்தமில்லை. சீசனில் ஒரு ஆட்டத்துக்கு 300 பவுண்டுக்கு மேல் ஆகிறது. ஊர்க்காரர்களுக்கு மட்டும் சலுகை விலையில் வருடச் சீட்டு. கையில் அவ்வளவு காசு இல்லையா? அதே டிரஸ்ட் மொத்தம் ஏழு மைதானங்களை நடத்துகிறது. அதில் பால்கோவ் என்ற ஒன்பது குழி மைதானம் குழந்தைகளுக்கும் புதிதாகக் கற்பவர்களுக்கும் ஏற்றது. கட்டணமும் மிகக் குறைவு. ஞாயிற்றுக்கிழமைகளில், பெரிய போட்டி நாட்கள் தவிர, ஓல்டு கோர்ஸில் ஆட்டமே கிடையாது. அன்றைக்கு அது ஊர்ப் பூங்கா. நாயைக் கூட்டிக்கொண்டு யார் வேண்டுமானாலும் சும்மா நடக்கலாம்.

ஹேண்டிகேப் என்ற நுழைவுத் தேர்வு

குலுக்கலில் பெயர் வந்தாலும் ஒரு தாள் காட்ட வேண்டும். ஹேண்டிகேப் சான்று. உங்கள் கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8-ஐ எடுத்து, மைதானத்தின் கடினத்துக்கு ஏற்பத் திருத்தி, சராசரி போட்டால் வரும் எண் அது. இன்டர்னல் மார்க்கில் 'பெஸ்ட் ஆஃப்' எடுப்பது மாதிரிதான். எண் சிறியதானால் ஆட்டம் நல்லது. ஓல்டு கோர்ஸில் 36-க்குள் இருக்க வேண்டும்.

பல நாடுகளில் இந்த எண்ணை வாங்கவே ஒரு கிளப்பில் சேர வேண்டும் என்பதையும் கவனியுங்கள். முன்வாசலில் கிளப் இல்லை. பின்வாசல் வழியாக வந்து நிற்கிறது!

விருந்தாளி பின்பற்ற வேண்டியவை

- பந்து அடிக்கும்போது பெயர்ந்த புல்லைத் திரும்ப வைத்து மிதித்துவிடுங்கள். மணல் பள்ளத்தில் இறங்கினால் கால்தடத்தை வாரியால் சமன் செய்யுங்கள்.
- பந்து யார் பக்கமாவது போனால் "ஃபோர்!" என்று சத்தம் போடுங்கள். வெட்கப்படக் கூடாது.
- பின்னால் வரும் குழு வேகமாக ஆடினால் வழிவிடுங்கள்.
- ஓல்டு கோர்ஸில் பெரும்பாலான கிரீன்கள் இரண்டு குழிகளுக்குப் பொது. 2-ம் 16-ம் ஒன்று, 3-ம் 15-ம் ஒன்று. கூட்டினால் எப்போதும் 18! அதனால் எதிர்ப்பக்கம் இருந்து வரும் குழுவையும் பார்த்து ஆட வேண்டும்.

தயவும் உரிமையும்

தனியார் கிளப்புகளும் விருந்தாளிகளை விடுவதுண்டு. அதே ஸ்காட்லாந்தில் மியூர்ஃபீல்டு, வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் வெளியாட்களை அனுமதிக்கிறது. ஆனால் அந்த கிளப் 2017 வரை பெண்களை உறுப்பினராகவே ஏற்கவில்லை. 2016 ஓட்டெடுப்பில் மறுத்ததும், ஓப்பன் போட்டி நடக்கும் இடங்களின் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அடுத்த வருஷமே மனசு மாறியது. அமெரிக்காவின் அகஸ்டா நேஷனலில் ஆட வேண்டுமென்றால், பொதுவாக ஒரு உறுப்பினர் உங்களை அழைக்க வேண்டும்.

வித்தியாசம் புரிகிறதா? தனியார் மைதானத்தில் விருந்தாளி உள்ளே போவது அவர்கள் தயவில். தயவை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஓல்டு கோர்ஸில் போவது எழுதிவைத்த விதியின்படி. விதி பிடிக்கவில்லை என்றால் கேள்வி கேட்கலாம், மாற்றலாம். க்யூ குலுக்கலானது அப்படித்தான்.

நம் கேம்பஸிலும் ஷட்டில் கோர்ட்டுக்கு ஆள் அதிகம், இடம் கம்மி. சீனியர் தயவில் ஆடுகிறோமா, விதியின்படி ஆடுகிறோமா? யோசித்துச் சொல்லுங்க மக்களே.