கணிதப் பட்டமும் ஆசிரியப் பணியும்

இடைநிலைப்பள்ளியில் கணித ஆசிரியராக வேண்டும் என்று விரும்பும் பிள்ளைகள் நம் தோட்டங்களிலும் இருக்கின்றனர். அவ்விருப்பம் கைகூடுமா என்பது பல்கலைக்கழக வாசலில் முடிவாவதில்லை. பெரும்பாலும் நான்காம் படிவத்திற்குப் பாடங்களைத் தெரிவு செய்யும் அந்தச் சில நாள்களிலேயே முடிவாகிவிடுகிறது. ஆகவே இதனை மாணவர்களுக்கு மட்டுமன்றிப் பெற்றோருக்கும் சேர்த்தே எழுதுகிறோம்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களை உருவாக்குவது ஆசிரியர் பயிற்சிக் கழகங்களின் முதன்மைப் பணியாகும். இடைநிலைப்பள்ளிக் கணித ஆசிரியராக விழைவோர் பொதுவாகப் பல்கலைக்கழகத்தை நாடுகின்றனர். தஞ்சோங் மாலிமில் 1922ஆம் ஆண்டு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகம் அவற்றுள் ஒன்று. பினாங்கில் 1969இல் நிறுவப்பட்ட அறிவியல் பல்கலைக்கழகத்திலும் அறிவியல் பட்டத்தையும் கல்வியியலையும் இணைத்துப் பயிலலாம். இவை ஏறத்தாழ நான்காண்டுப் படிப்புகள். முதலில் கணிதப் பட்டம் மட்டும் பெற்று, பின்னர் கல்வியியல் பட்டயம் பெறுவது மற்றொரு வழி.

அங்கே கற்பது யாது? பெரிய பெரிய கணக்குகளைப் போடுவதே கணிதப் பட்டம் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, புள்ளியியல் ஆகியவை உண்டு. ஆயினும் இவை அனைத்திற்கும் அடிப்படை, காரணம் காட்டுதலாகும். இரண்டு ஒற்றை எண்களைக் கூட்டினால் இரட்டை எண் வரும் என்பதைப் பள்ளிச் சிறுவன் பத்து எண்களைக் கொண்டு சோதித்து மனநிறைவு அடைகிறான். பல்கலைக்கழகமோ, எல்லா எண்களுக்கும் அது பொருந்துவதை மெய்ப்பிக்கச் சொல்கிறது. பள்ளியில் சிறந்து விளங்கிய மாணவரும் முதலாண்டில் திகைப்பது இவ்விடத்திலேதான்.

இப்பயிற்சி வகுப்பறையில் எவ்வாறு உதவும் என்பதற்கு நாம் நன்கறிந்த ஓர் எடுத்துக்காட்டு: தந்தை 20 கிலோ பால் கொணர்கிறார், அதில் உலர் ரப்பர் 30 விழுக்காடு. தாய் கொணர்வது 30 கிலோ. அதில் 40 விழுக்காடு. இரண்டையும் ஒரே தொட்டியில் ஊற்றினால் எத்தனை விழுக்காடு? முப்பதையும் நாற்பதையும் கூட்டிப் பாதியாக்கி, 35 என்று பல பிள்ளைகள் விடையளிப்பர். உண்மையில் தந்தையின் பாலில் 6 கிலோவும் தாயின் பாலில் 12 கிலோவும் உலர் ரப்பர் உள்ளது. ஆக, 50 கிலோவில் 18 கிலோ. அதாவது 36 விழுக்காடு. 'தவறு' என்று கோடிட்டுவிடுவது எளிது. இரு பாலும் ஒரே எடையாக இருந்திருந்தால் பிள்ளையின் வழி சரியாகியிருக்கும் என்பதைக் கண்டு, அங்கிருந்து விளக்கத் தொடங்குபவரே பயிற்சி பெற்ற ஆசிரியர். பட்டப்படிப்பின்போது பள்ளிகளுக்குச் சென்று பெறும் கற்பித்தல் பயிற்சி, இத்தகைய பார்வையை வளர்ப்பதற்கேயாகும்.

இனி, வழியை அடைக்கும் இடத்திற்கு வருவோம். அதுவே கூடுதல் கணிதம். எஸ்.பி.எம். தேர்வில் கணிதத்தோடு இப்பாடத்தையும் எடுத்துத் தேறியவருக்கே, எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் வகுப்பில் உயர்கணிதம் பயில்வது எளிதாகும். கடினம் என்ற பேச்சைக் கேட்டு நான்காம் படிவத்தில் அதனைக் கைவிட்ட பிள்ளை, பின்னர் மனம் மாறினாலும் திரும்பி வருவது மிக அரிது.

மற்றொன்று மொழி. தமிழ்ப்பள்ளியில் 'பின்னம்' என்று கற்றது இடைநிலைப்பள்ளியில் 'பெச்சஹான்' ஆகிறது. 'விழுக்காடு' 'பெராத்துஸ்' ஆகிறது. கணக்கு தெரிந்தும் சொல் தெரியாமல் மதிப்பெண் இழக்கும் பிள்ளையைக் கணக்கு வராத பிள்ளை என்று பெற்றோர் முடிவு கட்டிவிடலாகாது. இரு மொழிச் சொற்களையும் ஒரு குறிப்பேட்டில் அருகருகே எழுதிவரச் செய்தால் பெரும்பாலும் இக்குறை சில மாதங்களில் நீங்கும்.

செலவைப் பற்றிய அச்சம் நியாயமானதே. எஸ்.பி.எம். முடித்ததும் சம்பாதிக்கத் தொடங்கக்கூடிய கை, மேலும் ஐந்தாறு ஆண்டுகள் படிப்பிலேயே இருக்கும். பி.டி.பி.டி.என். கல்விக் கடன் இச்சுமையில் ஒரு பகுதியைத் தாங்கும்; எனினும் அது திருப்பிச் செலுத்த வேண்டிய கடன் என்பதை வீட்டில் அனைவரும் அறிந்திருத்தல் நன்று. பணி நியமனம் சபா, சரவாக் போன்ற தொலைவான இடங்களிலும் அமையலாம் என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் படிவத்தில் பயிலும் பிள்ளையுடைய பெற்றோர், ஆண்டு முடிவதற்குள் ஒரு நாள் பள்ளிக்குச் சென்று, ஆலோசனை ஆசிரியரைக் காண்பது நலம். அடுத்த ஆண்டு எந்தப் பாடத் தொகுப்பில் கூடுதல் கணிதம் உள்ளது, அதில் சேர எத்தகைய தேர்ச்சி வேண்டும் என்னும் இரண்டையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.