பெயர் சொல்லி அழைக்கிறவர்



ஹட்டன் பக்கம் மழை விடாமல் பிடித்தால், லயத்துக்குப் பின்னால் இருக்கிற மண்மேட்டைத்தான் நாம் முதலில் பார்க்கிறோம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில், பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. பாடசாலைக்குப் போன பிள்ளைகளில் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. காணாமற்போனவர்களின் கணக்கு நாளுக்கு நாள் மாறியது. பலருடைய உடல் கிடைக்கவேயில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோதும் மலைநாட்டில் பல குடும்பங்கள் இதே துக்கத்தைப் பட்டன.

உடலைக் கண்டு, ஒரு பிடி மண் போட்டு அனுப்பினால் மனசு கொஞ்சம் ஆறும். அதுவும் கிடைக்காதவங்க என்ன செய்யிறது? "சாமி அப்ப எங்க போயிருந்துச்சு?" என்று கேட்கத்தானே தோன்றும்!

வேதத்தில் இப்படி அழுத ஒருத்தி உண்டு. யோவான் 20ஆம் அதிகாரத்தை வீட்டில் சேர்ந்து வாசியுங்கள். மகதலேனா மரியாள் விடியுமுன்னே இயேசுவின் கல்லறைக்குப் போனாள். உடலைக் காணவில்லை. எங்கே வைத்தார்கள் என்றும் தெரியவில்லை. அங்கேயே நின்று அழுதாள். இதில் மூன்று காரியங்களைக் கவனிப்போம்.

1. அவள் அழுததற்காக இயேசு கோபிக்கவில்லை. ஏன் அழுகிறாய் என்று விசாரித்தார். அழுகை விசுவாசக் குறைவு அல்ல.

2. அவர் பக்கத்திலேயே நின்றார். அவளோ தோட்டக்காரர் என்று நினைத்தாள். நம் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் அவர் இல்லை என்று ஆகிவிடாது. சோறு ஆக்கிக் கொண்டுவந்த பக்கத்து வீட்டு அக்காவோடும் அவர் வந்திருக்கலாம்.

3. அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அப்போதுதான் அவள் அறிந்துகொண்டாள். மண்ணுக்குள் போனவர்கள் நமக்குக் கணக்குத் தெரியாதவர்களாக இருக்கலாம். உயிர்த்தெழுந்த கர்த்தருக்கு ஒவ்வொருவர் பெயரும் தெரியும். அவர் மறுபடியும் கூப்பிடுவார் என்பதே நம் நம்பிக்கை.

ஒன்று சொல்ல வேண்டும். துக்க வீட்டில் "இது கடவுள் குடுத்த தண்டனை" என்று யாரும் பேச வேண்டாம். மீரியபெத்தையின் ஆபத்தைப் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. பாதுகாப்பான நிலமும் வீடும் கேட்பது விசுவாசத்துக்கு விரோதமல்ல.

31ஆம் நாள் முடிந்தால் உறவுகள் வருவது நின்றுபோகும். துக்கம் நிற்காது. ஆகவே இந்த ஞாயிறு, கொழுந்து மலையில் நம்மோடு நிரை பிடித்த ஒரு துக்கக்காரரின் காம்பராவுக்குப் போவோம். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று பார்க்க வேண்டாம். பெரிய பேச்சும் வேண்டாம். இறந்தவருடைய பெயரைச் சொல்லி, அவரைப் பற்றிக் கேட்டு, கூட உட்கார்ந்திருப்போம்.

அழுகிறவர்களின் அருகில் நிற்கிற ஆண்டவர் நம் எல்லோரையும் தேற்றுவாராக.