வெயில் பட்ட தோலுக்குப் பாசி எவ்வளவு உதவும்?

பாசிச் சாறு சேர்த்த களிம்புகளும் சீரங்களும் இப்போது மருந்துக்கடைகளிலும் கிடைக்கின்றன. கன்னம் கறுத்துவிட்டதே, அவற்றை வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வாங்கலாம். ஆனால் சன்ஸ்கிரீனை நிறுத்திவிட்டு அல்ல.

வெயிலின் புற ஊதாக் கதிர்களில் (கண்ணுக்குத் தெரியாத, ஆற்றல் மிகுந்த ஒளி) இரண்டு வகை நம் தோலை எட்டுகின்றன. பி வகை மேல்தோலைச் சுடுகிறது, உயிரணுவின் டி.என்.ஏ.வில் அடுத்தடுத்த இரு காரங்களை (டி.என்.ஏ.வின் எழுத்து போன்ற அலகுகள்) ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. ஏ வகை ஆழமாக இறங்கி, கொலாஜனை (தோலுக்கு உறுதி தரும் நார்ப்புரதம்) சிதைக்கிறது. சாதாரண ஜன்னல் கண்ணாடி இந்த ஏ வகையைப் பெருமளவு உள்ளே விட்டுவிடும்.

மாநிறத் தோலில் வெயில் சுட்ட சிவப்பு எளிதில் தெரியாது. தொட்டால் சூடு, இழுத்துப் பிடிப்பது போன்ற இறுக்கம், சில நாளில் கருமை: இவைதான் நமக்கு அறிகுறிகள். ஆண்டுக்கணக்கில் சேரும் பாதிப்போ திட்டுத்திட்டான நிறமாற்றமாகவும் சொரசொரப்பாகவும் சுருக்கமாகவும் வெளிப்படும்.

இனி பாசிக்கு வருவோம். கடல்நீர் உள்வாங்கும்போது பாறையில் வெயில் காயும் போர்ஃபைரா என்ற சிவப்புப் பாசி, மைக்கோஸ்போரின் வகை அமினோ அமிலங்களை (கதிரை உறிஞ்சி வெப்பமாக வெளியேற்றும் சிறு மூலக்கூறுகள்) தானே தயாரித்துக்கொள்கிறது. இவை சுமார் 310 முதல் 360 நானோமீட்டர் வரையுள்ள கதிர்களை உறிஞ்சுகின்றன. களிம்பில் சேரும் அளவு குறைவு என்பதால் இதைத் துணையாக மட்டுமே கொள்ளுங்கள்.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது ஃபோட்டோலையேஸ் (ஒளியின் துணையால் டி.என்.ஏ.வைச் சீராக்கும் நொதி). இது அனாசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசியிலிருந்து கிடைக்கிறது. மனித உயிரணுக்களில் இந்த நொதி இல்லை. 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், லிப்போசோமில் (நுண்ணிய கொழுப்புப் பை) அடைத்து இதைத் தோலில் பூசி ஒளி காட்டியபோது, பி வகைக் கதிரால் டி.என்.ஏ.வில் உண்டான கார ஒட்டுகளில் 40 முதல் 45 சதவீதம் குறைந்தது. ஒளி இல்லாமல் இது வேலை செய்யாது; இரவில் பூசிக்கொண்டு இருட்டில் உறங்கினால் வீண். பழைய கருமையையும் சுருக்கத்தையும் போக்குவது இதன் வேலை அல்ல.

தினமும் காலையில் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத, பி.ஏ.+++ குறியுள்ள சன்ஸ்கிரீனை முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் எடுத்துப் பூசுங்கள். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். கருந்திட்டு உள்ளவர்களுக்கு இரும்பு ஆக்சைடு சேர்ந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன் நல்லது. அது கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும். பாசி சீரத்தை அதற்கு முன் பூசலாம். முதலில் முன்கையின் உட்புறத்தில் சில நாள் பூசிப் பாருங்கள்.

தோல் சுட்டுவிட்டால் பதற வேண்டாம். குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைத்து, மணமில்லாத ஈரப்பதக் களிம்பு தடவுங்கள். ஐஸ் வேண்டாம், கொப்புளத்தை உடைக்காதீர்கள். எலுமிச்சைச் சாறு தடவி வெயிலில் போனால் தோல் வெந்து கொப்புளிக்கலாம். ஸ்பைருலினா பொடியைக் குழைத்துப் பூசுவது சன்ஸ்கிரீன் ஆகாது. கடற்பாசி மாத்திரையில் அயோடின் மிகுந்திருக்கலாம். தைராய்டு கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் விழுங்கக் கூடாது.

நான்கு வாரமாகியும் ஆறாத புண், நிறமோ விளிம்போ மாறும் மச்சம், அடிக்கடி ரத்தம் கசியும் தடிப்பு ஆகியவை பாசிக் களிம்பால் தீராது. தாமதிக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.