மூக்கைப் பிடித்துத் தேய்க்காதே

அம்பத்தூர் கார்த்திக்கு, ஆவடியிலிருந்து பெரியப்பா எழுதுவது.

வீட்டுக்கு நாய்க்குட்டி வந்த சங்கதியை உன் அம்மா போனில் சொன்னாள். ஹாலில் மூத்திரம் போனதற்காக நீ அதன் மூக்கைத் தரையில் வைத்துத் தேய்த்ததையும் சொன்னாள். எதிர்வீட்டுக்காரர் கொடுத்த யோசனையாம். அவரிடம் வேறு எதற்கு வேண்டுமானாலும் யோசனை கேள், இதற்கு வேண்டாம். எப்போதோ போனதற்கு இப்போது தண்டித்தால் குட்டிக்குக் காரணம் விளங்காது. உன் கண் முன்னால் போகக் கூடாது என்று மட்டும் தெரிந்துகொண்டு கட்டிலுக்கு அடியில் போகும்.

இரண்டு மாதக் குட்டியால் 3 மணி நேரம் அடக்குவதே பெரிய காரியம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், ஆடி முடித்ததும் போகும். தரையை முகர்ந்துகொண்டு வட்டமடித்தால் உடனே தூக்கிக்கொண்டு ஓடு. போய் முடித்த அந்த நொடியிலேயே ஒரு துண்டு வேகவைத்த கோழி கொடு, எலும்பில்லாமல். வீட்டுக்குள் வந்தபிறகு கொடுத்தால், உள்ளே வந்ததற்குக் கூலி என்று நினைத்துக்கொள்ளும். இரவில் அலாரம் வைத்து எழுந்திரு. அதற்குச் சோம்பிக்கொண்டு, நம் ஊர் வெக்கையில் தண்ணீர்க் கிண்ணத்தை ஒளித்து வைத்துவிடாதே.

தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவது? நம் பக்கத்தில் அதுதான் சிக்கல். தெருவிலும் காலி மனையிலும் இப்போதைக்கு இறக்கவே கூடாது. ரத்தபேதி உண்டாக்கும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்துக்குள் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக, 16 வாரம் வரை போட வேண்டும். வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதத்தில். ஊசியெல்லாம் முடியும்வரை மொட்டை மாடிதான். ஒரு மூலையில் பழைய ட்ரேயில் மணல் போட்டு வை. மேல்வீட்டு அம்மா வடாம் காயப்போடுகிற மூலையாக இருக்கக் கூடாது! அவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடு. அபார்ட்மெண்டில் நாய் வளர்ப்பதில் பாதி வேலை அக்கம்பக்கத்தைச் சமாளிப்பதுதான். தெருவை அது பார்க்கவே கூடாது என்றில்லை. கையில் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோ, ரயில், காய்கறி வண்டிச் சத்தமெல்லாம் இப்போதே பழக்கு.

ஹாலில் போய்விட்டால் பினாயில் ஊற்றாதே. வாசனை நமக்குத்தான் மறையும், அதன் மூக்குக்குத் தெரிந்துகொண்டேதான் இருக்கும். காலில் ஒட்டியதை நக்கினாலும் கெடுதல். வினிகர் கலந்த தண்ணீரால் துடை.

சாப்பாட்டைத் தொடாமல், வாந்தியும் ரத்தபேதியுமாக இருந்தால் விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவரிடம் போ. 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. விளையாட்டாகக் கடித்துப் பல் பதிந்தாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டு. குட்டிதானே என்று விடாதே.

நாய் வளர்க்க உரிமம் வேண்டும். ஆவடி 2019இல் தனி மாநகராட்சி ஆகிவிட்டது. அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியோடுதான். அதனால் நீ சென்னை மாநகராட்சியில் உரிமம் எடுக்க வேண்டும். அதற்குத் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள், அட்டையைப் பத்திரமாக வை.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அதைக் கட்டிப்போட்டுவிட்டுப் போகாதே. இங்கே கொண்டுவந்து விடு, நாங்கள் வீட்டில்தான் இருப்போம்.