எளிய ஆங்கிலம்: மூன்று நாளாகக் காய்ச்சல்

வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல். டாக்டரிடம் போகிறோம். டில்லி போன்ற ஊரில் டாக்டருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. அவர் கேட்கும் முதல் கேள்வி:

“ஹவ் லாங் ஹாஸ் ஷீ ஹேட் ஃபீவர்?” (எத்தனை நாளாகக் காய்ச்சல்?)

பலர் சொல்லும் பதில்: “சின்ஸ் த்ரீ டேஸ்.” இது பிழை. “ஃபார் த்ரீ டேஸ்” என்பதே சரி.

இந்தப் பிழைக்கு நம் தாய்மொழி காரணமல்ல. ஹிந்தியில் “தீன் தின் ஸே”, “ஸோம்வார் ஸே” என இரண்டுக்கும் ஒரே “ஸே” போதும். அதைக் கேட்டுப் பழகியதால் நாமும் எல்லாவற்றுக்கும் “சின்ஸ்” போடுகிறோம். தமிழோ இரண்டையும் பிரித்தே சொல்கிறது. எனவே தமிழில் நினைத்துப் பாருங்கள்:

‘ஆக’ என்று முடிந்தால் ஃபார்: மூன்று நாளாக – ஃபார் த்ரீ டேஸ்.
‘இலிருந்து’ என்று முடிந்தால் சின்ஸ்: திங்கட்கிழமையிலிருந்து – சின்ஸ் மண்டே.

அதாவது, கால அளவுக்கு ஃபார். தொடங்கிய நேரத்துக்கு சின்ஸ்.

இனி வினைச்சொல். இங்கே மட்டும் தமிழைப் பின்பற்றக் கூடாது. “மூன்று நாளாகக் காய்ச்சல் இருக்கிறது” என்று நாம் நிகழ்காலத்தில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அதற்கு வேறு வடிவம் உண்டு. கீழே உள்ள இரண்டையும் ஒப்பிடுங்கள்:

ஷீ ஹாஸ் ஹேட் ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ். – மூன்று நாளாகக் காய்ச்சல், இன்னும் இருக்கிறது.
ஷீ ஹேட் ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ். – மூன்று நாள் காய்ச்சல் இருந்தது, இப்போது இல்லை.

‘ஹாஸ்’ என்ற ஒரு சொல் விடுபட்டால் காய்ச்சல் விட்டுவிட்டது என்று டாக்டர் நினைக்கக்கூடும். ஆகவே இந்த வாக்கியத்தை வாய்விட்டு நாலைந்து முறை சொல்லிப் பழகுங்கள்.

அன்றாடம் பயன்படும் வேறு சில வாக்கியங்கள்:

பத்து வருடமாக டில்லியில் இருக்கிறோம். – வீ ஹேவ் பீன் இன் டெல்லி ஃபார் டென் இயர்ஸ்.
நேற்றிலிருந்து தண்ணீர் வரவில்லை. – தேர் ஹாஸ் பீன் நோ வாட்டர் சின்ஸ் யெஸ்டர்டே.
அரை மணி நேரமாகக் காத்திருக்கிறேன். – ஐ ஹேவ் பீன் வெயிட்டிங் ஃபார் ஹாஃப் அன் அவர்.

ஓர் எச்சரிக்கை: இனிமேல் தொடங்கப்போவதற்கு சின்ஸ் வராது. “நாளையிலிருந்து லீவு” என்பதற்கு “ஃப்ரம் டுமாரோ” என்றே சொல்ல வேண்டும்.

பயிற்சி – ஆங்கிலத்தில் சொல்லுங்கள்:
1. வெள்ளிக்கிழமையிலிருந்து கடை மூடியிருக்கிறது.
2. இரண்டு மணி நேரமாகக் கரண்ட் இல்லை.
3. என் மகன் நான்கு மாதமாக ஹிந்தி படிக்கிறான்.

விடைகள்:
1. த ஷாப் ஹாஸ் பீன் க்ளோஸ்ட் சின்ஸ் ஃப்ரைடே.
2. தேர் ஹாஸ் பீன் நோ பவர் ஃபார் டூ அவர்ஸ்.
3. மை ஸன் ஹாஸ் பீன் லேர்னிங் ஹிந்தி ஃபார் ஃபோர் மன்த்ஸ்.